அப்பா முடிக்கச் சொன்ன பருவம்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் அநேகருக்கு அப்பாவைப் பாரிசின் லாச்சப்பல் மளிகைக்கடையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்றவராகத்தான் தெரியும். முருங்கைக்காய் முற்றலா என்று கேட்டால், முற்றல் என்றால் முற்றல் என்றே சொல்லிவிடுவார். முதலாளிக்கு அது பிடிக்காது, வாங்க வந்தவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அப்பாவின் கடைசிப் பனிக்காலம் எப்படிப் போனது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அதைச் சொல்ல வேண்டியவள் மகளாகிய நான்.

அப்பா யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. கணக்கில் கெட்டிக்காரர் என்று அவருடைய அண்ணரான பெரியப்பா இன்றைக்கும் சொல்லுவார். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் குடும்பம் இடம்பெயர்ந்தது, பரீட்சை எழுதவில்லை. கொழும்பில் தொடங்கிய றேடியோ திருத்தும் படிப்பும் பாதியில் நின்றது. பாரிசுக்கு வந்தபின் மாலையில் போன பிரெஞ்சு வகுப்பை உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை விழுங்கிவிட்டது. "நான் தொடங்கினது ஒண்டையும் முடிக்கேல்லை" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார். அந்தச் சிரிப்பில் இருந்த வருத்தம் எங்களுக்குத் தெரியும்.

நான் வளர்ந்தது பாரிசின் புறநகரான ஓல்னே-சூ-புவாவில். பள்ளிக்கூடத்தில் எங்களை ஐஸ் சறுக்கும் அரங்குக்குக் கூட்டிப்போனார்கள். மற்றப் பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள், நான் அங்கேயே ஒட்டிக்கொண்டேன். ஐஸ் ஹொக்கியில் கோல் காப்பது என் வேலையாயிற்று. எங்கள் சனத்துக்கு அதை விளங்கப்படுத்துவது பெரும்பாடு. ஐஸ் மேல் சறுக்கிக்கொண்டு தட்டையான ரப்பர் வட்டு ஒன்றைத் தடியால் அடிப்பார்கள், அது என்னைத் தாண்டி வலைக்குள் போகக்கூடாது, அவ்வளவுதான். அம்மா ஒரு தடவை பார்க்க வந்தார். வட்டு என் தலைக்கவசத்தில் பட்ட சத்தத்தோடு எழுந்து போனவர், பிறகு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. என் உடுப்புப் பையின் வியர்வை நாற்றம் சாமியறைக்கு ஆகாது என்று அதைப் பல்கனியில்தான் வைக்க விட்டார். அந்தப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா என்னோடு ரயிலில் வருவார்.

பெண்கள் ஆடும் எங்கள் லீக்கில் முதன்முதலாகச் சம்பளம் கொடுத்த விளையாட்டுப் பருவம் போன செப்டெம்பரில் தொடங்கியது. பெரிய சம்பளம் இல்லை. பகலில் ஒபர்வில்லியேயில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்துவிட்டுத்தான் பயிற்சிக்கு ஓடுவேன். ஆனாலும் மகளுக்கு விளையாட்டில் வேலை ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது என்று அப்பா கடைக்கு வந்த எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

எங்கள் அரங்கில் நடந்த முதல் மட்சுக்கு அவர் இரண்டு பெரிய பெட்டிகளில் ஆட்டிறைச்சி ரோல்ஸ் கொண்டுவந்தார். மட்ச் தொடங்குமுன்னரே எங்கள் ரீம் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். பிறகு பக்கத்து உடைமாற்றும் அறைக் கதவைத் தட்டி எதிர் ரீமுக்கும் கொடுத்தார். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளில் பாதிப்பேருக்குச் சாப்பாடு கொடுத்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க விடுவது அவர் வளர்ந்த வீட்டில் இல்லாத பழக்கம். எங்கள் பிள்ளைகள் உறைப்புத் தாங்காமல் தண்ணீர்க் குழாயடியில் நின்றார்கள். எதிர் ரீம் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து எங்களுக்கு நன்றாகவே கோல் போட்டுத் தள்ளியது. எங்கள் ரீம் தலைவி அப்பாவின் கையைப் பிடித்து, இனிமேல் மட்ச் முடிந்தபிறகு தரும்படி கேட்டுக்கொண்டாள். அதன்பிறகு எந்த ரீம் வந்தாலும் முடிவில் அப்பாவைத்தான் தேடுவார்கள். எல்லோருக்கும் அவர் 'பப்பா' ஆனார்.

தை மாதம் அப்பாவுக்கு ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. நோய் முற்றியிருந்தது. லீக்கை விட்டுவிட்டு வீட்டில் நிற்கப்போகிறேன் என்று நான் சொன்னபோது அவருக்கு வந்த கோபத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை.

"பிள்ளை, நான் பாதியிலை விட்டது போதும். நீ இதை முடி. தோத்தாலும் பரவாயில்லை, முடிச்சிட்டு வா."

நடக்க முடிந்தவரை வந்து பார்த்தார். முடியாமல் போனபின் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கைத்தொலைபேசியில் பார்த்தார். கடைசி மட்சுக்கு முன்னரே கண்ணை மூடிவிட்டார்.

மட்ச் வந்த சனிக்கிழமை எங்கள் வீட்டில் செத்தவீட்டுத் துடக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு இன்னும் நாள் இருந்தது. மற்றக் கோல் காப்பாளருக்கு முழங்கால் விலகியிருந்ததால், நான் போகாவிட்டால் ரீம் களம் இறங்க முடியாது. முப்பத்தொன்று முடியுமுன் மகள் விளையாடப் போனால் சனம் என்ன கதைக்கும் என்று பெரியப்பா கேட்டார். தம்பியைப் பறிகொடுத்த மனிதர், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்திருந்தவர்களும் அதையே சொன்னார்கள். அப்பாவின் சொல்லை மீறுவதா, அப்பாவின் அண்ணரை மீறுவதா என்று தடுமாறினேன். சுவரோடு சாய்ந்திருந்த அம்மாதான் வாயைத் திறந்தார்.

"அவர்தான் முடிக்கச் சொன்னவர். அவள் முடிக்கட்டும். நானும் போறன்."

பெரியப்பா எழுந்தார். எங்களை ஏற்றிப்போகத் தன் கார்த் திறப்பை எடுத்தார்.

வென்றீர்களா என்று பலர் கேட்டீர்கள். ஒரு கோலால் தோற்றோம். முழு நேரமும் நின்று விளையாடினேன். அம்மா இந்த முறை எழுந்து போகவில்லை.

அப்பாவைத் தங்கள் வீட்டு மனிதர்போலப் பார்த்த தாதியருக்கும், கடை முதலாளிக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவருக்கும், ஊரிலிருந்தும் தூர நாடுகளிலிருந்தும் துக்கம் விசாரித்தவர்களுக்கும், எல்லா அலுவல்களையும் தலையில் சுமந்த பெரியப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னும் சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும், அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

மட்ச் முடிந்தால் இரண்டு ரீமும் வரிசையில் போய் ஒருவருக்கொருவர் கைகொடுப்பது வழக்கம். அன்று அந்த வரிசை ஐசோடு நிற்கவில்லை. தலைவி முன்னால் போக, தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கள் பிள்ளைகளும் எதிர் ரீம் பிள்ளைகளும் அம்மா இருந்த இடத்துக்குப் போனார்கள். வியர்வை வழிய ஒவ்வொருவராக அம்மாவின் கையைப் பிடித்தார்கள். சிலர் அழுதார்கள். அம்மா எழுந்து நின்று, செத்தவீட்டில் வந்தவர்களின் கையை வாங்கியதுபோலவே ஒவ்வொரு கையையும் வாங்கினார். கடைசிப் பிள்ளையும் போனபின் பெரியப்பாவின் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு பிள்ளையளையும் விட்டிட்டெல்லோ அவர் போயிட்டார்" என்றார்.