மாதத்துக்கு இரண்டு விலக்கு

எங்கள் வீட்டில் வீட்டுவிலக்கு என்றால் மூன்று நாள் பின்னறைதான். தெருவில் மற்ற வீடுகளில் இந்த வழக்கம் எப்போதோ போய்விட்டது. எங்கள் வீட்டில் போகாததற்குக் காரணம் கடை. சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயிலுக்குப் போகிற வழியில் எங்களுக்குப் பூஜை சாமான் கடை இருக்கிறது. கற்பூரம், சாம்பிராணி, திருமண் கட்டி எல்லாம் வெளியிலிருந்து வரும். விளக்குத் திரி மட்டும் வெளியில் வாங்குவதில்லை. பஞ்சு வாங்கி வீட்டிலேயே திரிக்கிறோம். "நம்ம வூட்ல இருந்து போறது நேரா சாமிகிட்ட போவுது" என்பார் என் வீட்டுக்காரர். அதனால் அந்த நாட்களில் பெண்கள் கூடத்துக்கும் சமையலறைக்கும் வருவதில்லை, பஞ்சைத் தொடுவதில்லை.

மருமகள் வந்த புதிதில் அவளுக்கு அந்த அறையைக் கண்டாலே பிடிக்காது. எம்.எஸ்சி. படித்தவள். ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக வேலை பார்க்கிறாள். அந்த மூன்று நாளும் கல்லூரிக்குப் போய்விட்டு, பின்வாசல் வழியாக வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் தட்டில் சாப்பாட்டை வாசற்படியில் வைத்துவிட்டு வருவேன். அது சரியா தப்பா என்று நான் யோசித்ததில்லை. என் மாமியார் எனக்கு வைத்தார், நான் அவளுக்கு வைத்தேன்.

இப்படியே இரண்டு வருஷம் போனது. மூன்றாம் வருஷம் ஐப்பசியில்தான் எனக்கு ஏதோ உறைத்தது. அவள் தலைக்குக் குளித்து உள்ளே வந்து இன்னும் இரண்டு வாரம் ஆகவில்லை, மறுபடியும் பின்னறைக்குப் போய்விட்டாள். முந்தின மாதமும் அப்படித்தான் என்று அப்புறம் நினைவு வந்தது.

எனக்கு பயமாகிவிட்டது. ஆனால் இதை எப்படிக் கேட்பது? என் அம்மாவிடம்கூட இதைப் பற்றி நான் வாய் திறந்து பேசியதில்லை. இரண்டு நாள் தட்டை வைத்துவிட்டு, அங்கேயே கொஞ்சம் நின்று, திரும்பி வந்தேன். மூன்றாம் நாள் கதவு ஒருக்களித்திருந்தது. அவள் பாயில் உட்கார்ந்து லேப்டாப்பில் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் காகிதம். நோயாளி மாதிரித் தெரியவில்லை.

"உடம்புக்கு இன்னாமா?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, "அத்த, திட்டாதீங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. நான் விலக்கே இல்ல" என்றாள்.

விஷயம் இதுதான். வெளிநாட்டில், ஜெர்மனியில், டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய ஆள் எடுக்கிறார்கள். உயிரியல் படித்தவர்கள் எந்த நாட்டிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். கார்த்திகையில் கடைசித் தேதி. காலையில் சமையல், பகலில் கல்லூரி, சாயங்காலம் மறுபடி சமையல், அது முடிந்தால் கூடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து திரி. விண்ணப்பம் எழுத அவளுக்கு நேரம் எங்கே? யாரும் கூப்பிடாத, யாரும் வேலை சொல்லாத இடம் இந்த வீட்டிலேயே பின்னறை ஒன்றுதான் என்று கண்டுபிடித்திருக்கிறாள்.

"படிக்கப் போறதுக்கு நாம எவ்ளோ கட்டணும்?"

"நாம கட்ட வேணாம் அத்த. அவங்கதான் மாசாமாசம் எனக்குக் குடுப்பாங்க."

"படிக்கிறதுக்கா?"

"ஆமா."

நான் நம்பவில்லை. அவள் சிரித்துவிட்டு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். திரையில் ஒரு ஈ. வாழைப்பழத்தில் மொய்க்குமே, அந்தச் சின்ன ஈ, உள்ளங்கை அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. அது எப்படித் தூங்குகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சியாம்.

"ஈ தூங்குமா?"

"தூங்கும் அத்த. வயசானா அதுக்கும் தூக்கம் விட்டு விட்டுத்தான் வரும்."

எனக்கு அந்த ஈயின்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

"இத எழுத இத்தன நாளா?"

"மத்ததெல்லாம் முடிஞ்சிது. ஒரே ஒரு பக்கம்தான் பாக்கி. நீ எதுக்கு வரணும்னு கேக்கறாங்க. அத எழுதணும்."

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஒரு பக்கத்துல சொல்லத்தான் வரல."

என் மகனுக்குத் தெரியுமாம். அவன் ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். "முதல்ல கெடைக்கட்டும், அப்புறம் அப்பாகிட்ட பேசிக்கலாம்" என்று சொல்லியிருக்கிறான். பேசுகிற விஷயத்தில் அவன் என்னைக் கொண்டவன்.

அன்று முழுக்க என் மனசு ஒரு நிலையில் இல்லை. இது பெருமாளை ஏமாற்றுவதாகாதா என்று ஒரு பக்கம். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் என்னோடு பேச யார் இருக்கிறார்கள் என்று இன்னொரு பக்கம். ஆனால் சாயங்காலம் வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து, "இன்னா, அவ இன்னும் வரலியா?" என்று கேட்டபோது, நான் "உம்" என்றேன். அந்த ஒரு "உம்" போதுமாக இருந்தது. இந்த விஷயத்தில் ஆண்கள் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. அதற்குப் பிறகு அவள் பங்குத் திரியையும் நானே திரித்தேன்.

கார்த்திகை வந்தது. தீபத்துக்கு முன்னால் எங்களுக்குத் திரி எவ்வளவு திரித்தாலும் போதாது. வருஷா வருஷம் திருப்புட்குழியிலிருந்து என் நாத்தனார் உதவிக்கு வருவார். வீட்டுக்காரருக்கு மூத்தவர். இந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து அவர் எதிரில் நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் சொல்ல விட்டதுமில்லை. பையைக் கீழே வைத்ததும் கேட்டார்.

"எங்க உன் மருமவ?"

"பின்னால இருக்குறா அண்ணி."

"அன்னிக்கு நான் போன் பண்ணப்பவும் பின்னாலன்னுதான சொன்ன?"

நான் பஞ்சைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏண்டி, அதுக்குள்ளயா? கல்யாணமாயி மூணு வருசமாவுது, வயித்துல ஒண்ணும் காணோமேன்னு நான் கவலப்பட்டுக்கினு இருக்குறேன். ஒரு பொண்ணுக்கு இப்டி போனா, நீ திரி திரிச்சிக்கினு உக்காந்திருக்குற. இன்னா மாமியாரு நீ!"

அன்றே மாதுளம் தோலைக் கொதிக்கவைத்துக் கஷாயம் போட்டார். கறுப்பாக, பார்க்கும்போதே நாக்கு சுருங்குகிற மாதிரி இருந்தது. டம்ளரைத் தானே எடுத்துப்போய் வாசற்படியில் நின்றுகொண்டார். "மூச்சு வுடாம குடி. மொகத்த சுளிக்காத. கீழ ஊத்தினா எனக்குத் தெரியும்." மருமகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அவள் குடித்தாள். மறுநாள் காலையிலும் குடித்தாள்.

அதோடு விட்டிருந்தால் சமாளித்திருப்போம். "நாளைக்கு சாயங்காலம் லேடி டாக்டர்கிட்ட டோக்கன் போட்டு வெச்சிட்டேன்" என்றார் நாத்தனார்.

நான் தட்டு வைக்கப் போகிற சாக்கில் மருமகளிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நாளைக்கு ராத்திரிதான் அத்த கடைசி. அந்த டாக்டர்கிட்ட போனா ஒம்போது பத்து ஆயிடும். அந்த ஒரு பக்கம் இன்னும் முடியல. ஒரு வருசம் போச்சுன்னா, அடுத்த வருசம் நான் எங்க இருப்பேனோ."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் ஆறுதல் சொல்லிவிட்டு வந்திருப்பேன். அவள் திரும்பி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் மழை. மருமகள் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுப் பின்னறையில் இருந்தாள். நாத்தனாரும் நானும் கூடத்தில் திரித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நிற்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நின்றது. சொல்லவில்லை. மறுபடி நின்றது. நாத்தனார் புடவை மாற்ற எழுந்தபோதுதான் எனக்கு வாய் வந்தது.

"அண்ணி, டாக்டர் வேணாம்."

"இன்னாது?"

"அவளுக்கு உடம்பு நல்லாத்தான் இருக்குது. அவ விலக்கு இல்ல. உள்ள படிக்கிறா. இன்னிக்கு ராத்திரிக்குள்ள ஜெர்மனிக்கு அனுப்பணும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னமும் மறக்கவில்லை. நேரே பின்னறைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். கதவைத் தள்ளித் திறந்து, லேப்டாப்பைக் குனிந்து பார்த்தார்.

"இது இன்னா?"

"ஈ, பெரியத்த" என்றாள் மருமகள்.

"ஈயா?"

"ஆமா."

"ஒரு ஈக்கோசரமா என் கஷாயத்த அப்டி மடமடன்னு குடிச்ச?"

மருமகளுக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வர, வாயைப் பொத்திக்கொண்டாள். நாத்தனார் சிரிக்கவில்லை.

"முடிச்சிட்டியா?"

"இல்ல பெரியத்த. ஒரு பக்கம் இருக்குது."

"அப்ப எங்க மூஞ்சிய இன்னா பாத்துக்கினு இருக்குற? எழுது."

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பினார். கோபமில்லை, வருத்தம். "அவளுக்கோசரம் நான் நேத்து வெள்ளிக்கிழமை பட்டினி கெடந்தேன். ஒரு வார்த்த சொல்லணும்னு ஒனக்குத் தோணல. நான் இன்னா அசலாளா?"

"பாவமா அண்ணி இது?" என்று மட்டும் கேட்டேன். உண்மையிலேயே எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

அவர் உட்கார்ந்து, ஒரு பஞ்சை எடுத்துப் பிரித்தார். ஆசார விஷயத்தில் அவர் சும்மா பேசமாட்டார். "தீட்ட வெச்சிக்கினு இல்லேன்னு சொன்னா பாவம்" என்றார். "இல்லாத தீட்ட இருக்குதுன்னு சொன்னா... அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லி நான் கேட்டதில்ல." கொஞ்சம் திரித்துவிட்டு, "பெருமாளுக்கு இன்னா நஷ்டம் அதுல? ஒண்ணுமில்ல" என்று முடித்தார்.

டோக்கனை வீணாக்கக் கூடாது என்று, சாயங்காலம் அவரே அந்தப் பிரசவ டாக்டரிடம் போய்த் தன் முட்டிவலியைக் காட்டிவிட்டு வந்தார்.

அவர் திரும்பி வருவதற்குள் விண்ணப்பம் போய்விட்டது. மருமகள் பின்னறை வாசலில் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

தை மாதம் இன்டர்வியூ. ஒரு பகலில், வீட்டுக்காரர் கடையில் இருக்கும்போது, லேப்டாப்பிலேயே நடந்தது. வெளியே வந்தவள் தண்ணீர் கேட்டுக் குடித்தாள். "ஒரு கேள்விக்கு தெரியாதுன்னு சொல்லிட்டேன் அத்த" என்றாள். "தெரியாதத தெரியாதுன்னுதான சொல்லணும்" என்றேன். அவளுக்கு அது சமாதானமாக இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு தடவை அவள் போன் மணியடிக்கும்போதும் நான் செய்கிற வேலையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பேன்.

மாசியில் ஒருநாள் வீட்டுக்காரர் சாப்பிடப் போயிருந்தார், நான் கடையில் இருந்தேன். மருமகள் கல்லூரியிலிருந்து போன் பண்ணினாள். "கெடச்சிடுச்சி அத்த." எதிரே இரண்டு பேர் கற்பூரத்துக்கு நின்றுகொண்டிருந்தார்கள். "சரிமா, சரிமா" என்றேன். கற்பூரம் கேட்டவருக்குச் சாம்பிராணியைக் கொடுத்துவிட்டேன். அவர் மாற்றி வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்காரர் வந்தபோது போன் இன்னும் என் கையிலேயே இருந்தது. "யாரு போன்ல?" என்றார். மகன் வந்து சொல்லட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அவன் சொல்கிற அழகு எனக்குத் தெரியும். நானே சொன்னேன். மருமகளுக்கு வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, செலவெல்லாம் அவர்களுடையது, நாலு வருஷம் ஆகும், மகன் அப்புறம் விசா போட்டுப் போவான் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். எப்படி விண்ணப்பித்தாள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது" என்றார். "இந்த வூட்ல நான் யாரு?"

அன்றிலிருந்து அவர் வீட்டில் யாரோடும் பேசவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டார், கடைக்குப் போனார். மருமகள் இரண்டு தடவை "மாமா" என்று ஆரம்பித்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பதில் அனுப்பக் கெடு வைத்திருந்தார்கள். அவர் சரி என்று சொல்லாமல் நான் போகமாட்டேன் என்று அவளும் பிடிவாதமாக இருந்தாள். கிடைத்தும் போய்விடும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் கடையை என்னிடம் விட்டுவிட்டுத் திருப்புட்குழிக்குப் போனார். அக்காவிடம் முறையிடத்தான். அங்கே என்ன நடந்தது என்பதை நாத்தனார் பிறகு போனில் சொன்னார். "நாந்தான்டா சொல்ல வேணாம்னேன்னு சொல்லிட்டேன். கார்த்திகையில இருந்தே எனக்குத் தெரியும், நல்லபடியா முடியட்டும்னு நாந்தான் வாய மூடிக்கினு இருக்க சொன்னேன், இப்ப இன்னா அதுக்குன்னேன். பேசாம காபி குடிச்சிட்டு போயிட்டான்." அவர் அப்படி எங்களிடம் சொன்னதே இல்லை. நான் அதை நினைவுபடுத்தவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தவர் கைகால் கழுவிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். மருமகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நகரப் போனாள்.

"எப்ப கெளம்பணும்?" என்றார்.

அவள் நின்றுவிட்டாள். "செப்டம்பர் கடைசியில மாமா."

"அது புரட்டாசி."

"ஆமா மாமா."

"புரட்டாசியில நான் கடைய வுட்டுட்டு ஏர்போர்ட்டுக்கு வர முடியாது" என்றார். "ஆவணியிலயே டிக்கெட் போட முடியுமான்னு கேளு."