இடுப்பில் இரண்டு பந்து

"காக்கா, நீங்க ஒரு நாளைக்கு எப்பிடியெல்லாம் இருப்பீங்க? ஒண்டு விடாமச் சொல்லுங்க."

எங்கள் பக்கத்தில் அண்ணன் முறையில் எவரையும் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்காமல், எப்படி உட்காருவாய் என்று கேட்ட முதல் டொக்டர் அவர்தான். நான் அட்டாளைச்சேனையில் கராஜ் வைத்திருப்பவன். உழவு மெசின், வான், லொறி எல்லாவற்றுக்கும் முன்னால் குந்தியிருந்தே பாதி ஆயுளைக் கழித்தவன். வலது இடுப்பு மூட்டு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசத் தொடங்கியதால், செயற்கை மூட்டு வைத்தே ஆகவேண்டும் என்று முடிவாகியிருந்தது.

நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். குந்தியிருந்து டயர் கழற்றுவது, மல்லாந்து படுத்து வண்டிக்குக் கீழே ஊர்வது, சம்மணமிட்டுச் சாப்பிடுவது, தொழுகையில் இருப்பது. கடைசியாக, மனதில் இருந்ததைச் சொன்னேன்.

"இன்னம் நாலு மாசத்தில மகள்ட நிக்காஹ், டொக்டர். மாப்பிள்ளைக்கு முன்னால பாயில இரிந்து, கையப் புடிச்சி, நான்தான் பொண்ணக் குடுக்கணும்."

அவருடைய பேனா நின்றது. எங்கள் பக்கத்தில் பெண்ணின் வாப்பாவும் மாப்பிள்ளையும் பள்ளிவாசலில் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்து, வலது கையைப் பற்றிக்கொண்டுதான் நிக்காஹ் நடக்கும். வாப்பாவுக்கு முடியாவிட்டால் வேறொருவரிடம் பொறுப்புக் கொடுக்கலாம், மார்க்கத்தில் இடமுண்டு. ஆனால் எனக்கு இருப்பது ஒரே மகள். அந்தக் கையை இன்னொருவர் பிடிப்பதை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் இல்லை.

டொக்டர் மேசை லாச்சியைத் திறந்து செயற்கை மூட்டின் மாதிரி ஒன்றை எடுத்தார். ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு பந்து, பந்திலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு.

"இது நம்மட ஸ்டியரிங்கில இரிக்கிற 'போல் ஜொயின்ட்', பந்து மூட்டுத்தானே!" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்கு என்றுமே வந்ததில்லை. "ஸ்டியரிங்க ஒரேயடியா ஒடிச்சா இது கழண்டிரும், டொக்டர். நான் எத்தின பாத்திரிக்கன்!"

அவர் சிரித்துவிட்டார். "அதேதான் இங்கயும் பயம். அளவுக்கு மிஞ்சிக் குனிஞ்சா இந்தக் கழுத்து கிண்ணத்திட விளிம்பில தட்டும். தட்டினா என்ன நடக்கும், சொல்லுங்க பாப்பம்."

"நெம்பும். இரும்புப் பார் போட்டு நெம்பின மாதிரி, பந்து மற்றப் பக்கத்தால வெளிய வந்திரும்."

பிறகு அவர் எனக்குக் கற்பிப்பதை விட்டுவிட்டு என்னோடு கதைக்கத் தொடங்கினார். பந்து சின்னதென்றால் சீக்கிரம் விளிம்பைத் தாண்டிவிடும், பெரிதென்றால் வெளியே வர அதிக தூரம் போகவேண்டும். "அப்ப பெருசாப் போடுங்களன்," என்றேன். பந்து பெருத்தால் கிண்ணத்துக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறை மெலியும், தேய்மானமும் கூடலாம் என்றார். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும் என்பது என் தொழிலிலும் உள்ளதுதான். கிண்ணத்தைப் பொருத்தும் சாய்வு பிழைத்தால் எந்தப் பந்தும் நிற்காது என்றும் சொன்னார்.

இறுதியில் இன்னொரு மாதிரியை எடுத்துக் காட்டினார். சின்னப் பந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் பந்துக்குள் சுழல்கிறது, அந்தப் பெரிய பந்து உலோகக் கிண்ணத்துக்குள் சுழல்கிறது. கழுத்து போய்த் தட்டினால் பெரிய பந்தும் சேர்ந்து திரும்பிக் கொடுக்கும். நான் அதை வாங்கி இப்படியும் அப்படியும் முறுக்கிப் பார்த்தேன். இதைச் செய்தவன் கட்டாயம் ஒரு நாளாவது வண்டிக்குக் கீழே படுத்திருப்பான் என்று பட்டது.

"இத வைங்க," என்றேன்.

"வைப்பம். ஆனா இத வச்ச உடன நிலத்தில இருக்கலாம் எண்டு நினைக்காதீங்க. இது காவல்காரன் மட்டும்தான். வீட்டுக் கதவப் பூட்டுறது உங்கட வேலை."

அறுவை நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான சோதனை. இடுப்பை மடக்கினால் செங்கோணத்தைத் தாண்டக்கூடாது, காலுக்கு மேல் கால் போடக்கூடாது, பாதத்தை உள்ளே திருப்பக்கூடாது. டொக்டர் மூன்று சொன்னார், என் மனைவி அதை முப்பதாக்கினாள். தாழ்ந்த கதிரைகள் எல்லாம் வீட்டிலிருந்து மறைந்தன. செருப்பு விழுந்தால்கூட நான் குனிய முடியாது, கூப்பிடத்தான் வேண்டும். பார்க்க வந்தவர்கள் என் இடுப்பை விட்டுவிட்டு அவளுடைய பொறுமையைப் பாராட்டிப் போனார்கள்.

மூன்றாவது மாதம் ஊன்றுகோலை விட்டேன். வலி இல்லை. வலி போனதும் புத்தியும் கூடவே போய்விட்டது போலும்.

ஒலுவிலில் ஒரு கூட்டாளி புது வீடு குடிபுகுந்தான். சாப்பாடு சஹனில். ஒரு பெரிய தட்டில் சோறும் இறைச்சியும் குவித்து வைக்க, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து அதே தட்டில் சாப்பிடுவது எங்கள் வழக்கம். ஆறாவது ஆள் வரும்வரை மற்ற ஐந்து பேரும் கை கழுவிக் காத்திருப்பார்கள். எனக்கென்று மூலையில் மேசை போட்டிருந்தார்கள். நான் அதை நோக்கி நடக்கையில் ஒரு சஹனிலிருந்து சத்தம் வந்தது.

"மெக்கானிக் காக்கா! ஒரு ஆள் குறையிது, வாங்க!"

அந்த ஐந்து பேருக்கும் என் அறுவை பற்றித் தெரியாது. பசித்திருக்கிற ஐந்து பேரைக் காக்க வைத்து, பாயோரம் நின்று இடுப்புக் கதை சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னொரு களவு எண்ணமும் இருந்தது. இன்று பாயில் உட்கார்ந்து பார்த்துவிட்டால் நிக்காஹ் அன்று பயமில்லையே. வலது காலை நீட்டி, பக்கத்தில் இருந்தவரின் தோளைப் பிடித்து, மெல்ல உட்கார்ந்தேன். ஒன்றும் ஆகவில்லை. எவ்வளவு பெருமை எனக்கு!

அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல இறைச்சித் துண்டு ஒன்று எனக்கு எதிர்ப் பக்கத்தில் கிடந்தது. ஆசை யாரை விட்டது? எட்டினேன். இடுப்புக்குள் 'டக்' என்று ஒரு தட்டல். மூச்சு நின்றுவிட்டது. நிமிரவும் முடியவில்லை, எழும்பவும் முடியவில்லை.

"அல்லாட காவல்! காக்காக்கு என்னமோ பண்ணுது, தூக்குங்கடா!"

ஐந்து பேரும் கறிக் கையோடு தூக்கினார்கள். என் வெள்ளைச் சட்டையில் ஐந்து பேரின் விரல்களும் பதிந்திருந்தன. அப்படியே வானில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வழி முழுக்க எனக்கு மகளின் முகம்தான். ஒரு துண்டு இறைச்சிக்காக அவளுடைய நிக்காஹ்வைக் கெடுத்துவிட்டேனே என்று அழுகை வந்தது.

டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், என் சட்டையையும் பார்த்தார்.

"பந்து இருந்த இடத்திலதான் இருக்கு. கழுத்து போய்த் தட்டியிருக்கு, பெரிய பந்து சேந்து திரும்பியிருக்கு. சதைதான் பயந்து இறுகிப்போச்சு. ஒத்தைச் சின்னப் பந்தா இருந்தா, இந்நேரம் உங்கள மயக்கிப்போட்டு இழுத்துக்கொண்டிருப்பன்."

"அப்ப நல்லாத்தான் செஞ்சிரிக்கிங்க டொக்டர்!"

"நான் நல்லாத்தான் செஞ்சன். நீங்கதான் செய்யல்ல. அடுத்த முறையும் இது காப்பாத்தும் எண்டு நான் எழுதித் தரமாட்டன். பாயில இருக்கிற கதையை விடுங்க. கதிரையில இருந்து மகளக் குடுங்க."

வீட்டில் மனைவி அழுதுகொண்டே ஏசினாள். "நாம நிக்காஹ் பொறுப்ப உங்கட தம்பிக்கிட்டக் குடுப்பம். அவரு இரிந்து சொல்லட்டும். நீங்க பக்கத்தில நில்லுங்க." கதிரையில் இருந்தாவது நானே கொடுப்பேன் என்று மனதுக்குள் முடிவு செய்தேன்.

நிக்காஹ் அன்று பள்ளிவாசலில் எனக்கு உயரமான ஒரு கதிரை போட்டார்கள். மாப்பிள்ளை பாயில் உட்கார்ந்தார். நிக்காஹ்வை நடத்திவைக்கும் பதிவாளர் எங்கள் கைகளைச் சேர்க்கச் சொன்னபோதுதான் கணக்குப் பிழைத்தது எல்லோருக்கும் தெரிந்தது. அவருடைய கை கீழே, என்னுடைய கை மேலே. அவர் எட்டிப் பிடிக்கப் பார்த்தார், எட்டவில்லை. நான் குனிந்தால் போதும். குனியத்தான் கூடாது. சபை என்னைப் பார்த்தது. பின்னால் என் தம்பி தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழும்புவது ஓரக்கண்ணில் தெரிந்தது.

வருவது வரட்டும், குனிந்துவிடுவோம் என்றே நினைத்தேன்.

அதற்குள் மாப்பிள்ளை எழுந்தார். சுவரோரம் இருந்த கதிரை ஒன்றைத் தானே தூக்கி வந்து என் முன்னால் போட்டார். "நான் மேல வாறன், மாமா," என்று சொல்லி, முழங்கால் முட்ட உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை கதிரையிலயா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"பாயில இரிக்கிறது நிக்காஹ்ட ஷர்த்தில்ல, கட்டாயமில்ல," என்றார் பதிவாளர். "அப்பிடியே எனக்கும் ஒரு கதிரை கொண்டாங்க. என்ட முழங்காலும் சரியில்ல." பள்ளிவாசலில் சிரிப்பு எழுந்தது. தம்பியும் சிரித்துக்கொண்டே திரும்ப உட்கார்ந்தான்.

நான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தேன். எங்கள் ஊரில் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். என் மகள் அதே வீட்டில், அதே அறையில்தான் இருக்கப்போகிறாள். இதில் கலங்க ஒன்றுமில்லை என்று வந்தவர்களிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். பதிவாளர் சொல்லித்தர நானும் சொல்லிக்கொண்டே போனேன். "என்னுடைய மகள்" என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. இடுப்பு அசையாமல் இருந்தது. "என்னுடைய மகள்" என்பதையே இன்னொரு முறை சொன்னேன், அதற்கு மேல் போகவில்லை.

மாப்பிள்ளை என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"ஆறுதலாச் சொல்லுங்க, மாமா. நான் புடிச்சிக்கிட்டுத்தான் இரிக்கன்."

மகளின் பெயரைச் சொன்னேன்.