வெல்லாவெளிப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தவர்கள்

எங்களோடு வேலை பார்த்த ஜெசிமா மிஸ் மௌத்தாகிவிட்டார் என்ற மரணச் செய்தி, ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்களான எங்களுடைய வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. சற்று நேரத்தில் கைகூப்பும் படங்கள் குவிந்தன. "புதியவர் எவரையும் அன்போடு வரவேற்ற உத்தமி" என்று ஒருவர் எழுதினார். அப்படி எழுதியவர் யாரென்று குழுவிலுள்ள உங்களுக்குத் தெரியும். அந்த வரவேற்பைக் கேலி செய்தவரும் அவரேதான். பக்கத்தில் நின்று சிரித்தவன் நான்.

நெற்பயிர் நோய்கள் பற்றி மிஸ் ஏறாவூரிலிருந்து ஒரு வலைப்பூ நடத்தினார். அந்த நண்பரும் நானும் இன்னொருவருமாக நாங்கள் மூவர் அதில் கட்டுரை எழுதினோம். எழுதியதை நாங்களே வாசித்து, நாங்களே "அருமை" என்று பின்னூட்டமும் போட்டுக்கொண்டோம். விவசாயி ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் முகப்பில் கழுத்துப்பட்டியோடு நின்ற எங்கள் படங்களைக் கண்டு திரும்பியிருப்பார்.

ஒருநாள் வெல்லாவெளியிலிருந்து ஒரு பெண் முதன்முறையாக எழுதினார்: "என்ட வேளாண்மை மஞ்சளாப் பெய்த்து. உரம் போடவா?" வேளாண்மை என்று அவர் சொன்னது நெற்பயிரை; பெய்த்து என்றால் போய்விட்டது. எழுத்துப் பிழைகள் இருந்தன. "முதலில் தமிழுக்கு உரம் போடவும்" என்றார், இன்று 'உத்தமி' என்று எழுதிய நம் உத்தமர். "பழைய பதிவுகளை வாசித்துவிட்டு வாரும்" என்றார் மற்றவர். நான் சிரிப்புப் படம் ஒன்றைப் போட்டேன். முப்பது வருட உத்தியோகத்தில் நான் கற்ற பண்பு அவ்வளவுதான்.

மாலையில் எங்கள் மூவரின் வரிகளும் அங்கே இல்லை. மிஸ்ஸின் பதில் மட்டும் இருந்தது: "வாங்க தங்கச்சி. உரம் போட வேணாம். ஒரு பயிரப் புடுங்கிப் பாருங்க. வேர் வெள்ளையா இரிக்கா, கறுத்துப் பெய்த்தா?"

நான் கோபத்தோடு தொலைபேசி எடுத்தேன். "எங்கட கருத்த ஏன் மிஸ் அழிச்சீங்க?"

"வீட்டுக்கு வந்த பொம்புளயப் பாத்து வாசல்ல நிண்டு சிரிச்சா, சிரிச்ச ஆளத்தான் சேர் நான் வெளிய அனுப்புவன்."

வேர் கறுத்திருந்தது. தேங்கிய தண்ணீரில் வேர் அழுகுகிறது, அதை வடியவிட்டு வயலைக் காயப் போடச் சொன்னார் மிஸ். "சரி மிஸ்" என்று எழுதிய அந்தப் பெண் பிறகு வரவேயில்லை. உத்தமருக்குக் கொண்டாட்டம். "பாத்தீங்களா, ஒரு நன்றி சொன்னாளா?" என்று குழுவில் கேட்டார்.

மிஸ் எழுதினார்: "பயிர் தேறியிரிக்கும் சேர். தேறாட்டி திரும்பி வந்திருப்பா."

அதன்பின் முகப்பிலிருந்த எங்கள் படங்களும் போயின. நாங்கள் மூவரும் எழுதுவதை நிறுத்தினோம். அதனால் எவருக்கும் ஒரு குறையும் வரவில்லை. ஓட்டமாவடி, வாழைச்சேனை என்று ஆட்கள் வந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஜனாஸா அடக்கத்துக்குப் போன என்னிடம் மிஸ்ஸின் மகள், "பதில் சொல்ல ஆளில்ல சேர், நீங்க பாக்கிறீங்களா?" என்று கேட்டு வலைப்பூவின் கடவுச்சொல்லைத் தந்தார். மிஸ் என்னைப் பற்றி மகளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

நேற்று ஒருவர் கேட்டிருந்தார்: "இதில கத்தரிக்கும் கேக்கலாமா?" 'நெல் என்ற தலைப்பை வாசிக்கத் தெரியாதா' என்று என் விரல் தானாகவே எழுதிவிட்டது. அனுப்பவில்லை. அப்போது முகம் சுட்டதே, அந்த வெட்கம்தான் மிஸ் எனக்கு விட்டுப்போனது. அதை அழித்துவிட்டு, "கேளுங்க தம்பி, கத்தரிக்கு என்ன?" என்று எழுதினேன்.