மூன்று கால் சென்சாரும் ஒரு கட்டிக் கற்பூரமும்

நேற்று சாயங்காலம் கைப்பேசியில் ஒரு மேதையைப் பார்த்தேன். பொம்மை அளவு பெட்ரோல் எஞ்சினுக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்துவது எப்படி என்று ஊருக்கே பாடம் எடுக்கிறார். "ஹால் சென்சார்ல எது வேணா போடலாம் ஃப்ரெண்ட்ஸ், எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, க்ளூ கன்னை எடுத்து எஞ்சின் உடம்பிலேயே சென்சாரை அப்பினார். சுடுகிற இரும்பின் மேல், சூட்டில் உருகுகிற பசை! கீழே வரிசையாகக் கைதட்டல்கள் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஹால் சென்சார் என்பது மிளகை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் துண்டு. மூன்று கால் உண்டு. பக்கத்தில் காந்தம் வந்தால் அதற்குத் தெரியும். எஞ்சினோடு சுற்றுகிற தட்டில் சின்னக் காந்தம் ஒன்றைப் பதித்து, எதிரே இதை நிறுத்தினால், காந்தம் கடக்கும்போதெல்லாம் பிளக்கில் பொறி அடிக்கும். கேட்பதற்கு இவ்வளவுதான். செய்து பார்த்தால்தான் தெரியும், தலைமுடி எந்த வயதில் நரைக்கத் தொடங்கும் என்று.

'எது வேணா போடலாம்' என்ற அந்த வாக்கியத்தை நான் முதலில் கேட்டது மலை மேல் இருக்கிற ஜமுனாமரத்தூரில். டிப்ளமோ முடித்த கையோடு அங்கே ஒரு ரெசார்ட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ரெசார்ட் என்றால் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். நாலு சிமெண்டு குடிசை, மேலே கீற்று மாதிரி பெயிண்ட். முதலாளி வேலூர்க்காரர், பிளாட் போட்டு விற்று மலையேறியவர். மோட்டார், சோலார், வயரிங் எல்லாம் பார்க்க என்னையும் நசீரையும் வைத்திருந்தார். நசீர் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன், வாணியம்பாடிக்காரன். அவன் ஆலங்காயம் வழியாக வருவான், நான் போளூர் பஸ்ஸில் வருவேன். இரண்டு பேருக்கும் மலை ஏறி முடிக்கும்போது குடல் வாய்க்கு வந்திருக்கும்.

முதலாளி கோயம்புத்தூரில் யாரிடமோ அந்தச் சின்ன எஞ்சினை வாங்கி வந்தார். தேங்காய் அளவுதான் இருக்கும், ஆனால் நிஜமாகவே பெட்ரோல் குடித்து ஓடும். பொறி அடிக்கிற நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் பழைய பாயிண்ட் தேய்ந்து போயிருந்தது. "எலக்ட்ரானிக்கா மாத்துங்க. தொறப்பு விழா அன்னிக்கி கெஸ்ட்டு முன்னாடி ஓடணும். ஓட்டிக் காட்டுனீங்கன்னா பின்னாடி கீற ஷெட்டு உங்களுக்கு. கடை போட்டுக்கோங்க" என்றார்.

அந்த ஷெட்டுக்காக நசீர் எதையும் செய்திருப்பான். மலையில் மருந்தடிக்கிற மெஷினோ புல் வெட்டுகிற மெஷினோ கெட்டுப்போனால் போளூருக்கு இறக்கித்தான் ஆக வேண்டும். மேலேயே ஒரு ரிப்பேர் கடை வைப்பது அவனுடைய ஒரே ஆசை. அவன் அண்ணன் வேறு தோல் ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் வேலைக்கு வரச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தார். அங்கே போனால் இந்த ஆசைக்கு முழுக்குத்தான் என்று அவனுக்குத் தெரியும்.

சென்சாரை நாங்கள் வாங்கியிருக்க வேண்டும். முதலாளியே வாங்கி வந்துவிட்டார். "இருக்கறதுலயே வெல ஜாஸ்தி இதான்" என்று டப்பாவை மேசையில் வைத்தார். தக்காளியைக்கூட நம் ஆட்கள் அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். சென்சாரை மட்டும் விலையைப் பார்த்து வாங்குவார்கள். அது லாட்ச் ரகம். ஒரு துருவத்தைப் பார்த்தால் விழித்துக்கொள்ளும், எதிர்த் துருவத்தைப் பார்க்கும்வரை தூங்காது. ஒற்றைக் காந்தம் வைத்த தட்டுக்கு அது எப்படிச் சரிவரும்? வேண்டாம் என்றோம். "எது வேணா போடலாம்பா, எல்லாம் ஒண்ணுதான்" என்றார். போட்டோம். சென்சார் விழித்தது விழித்தபடியே கிடக்க, பொறிக்கு மின்சாரம் ஏற்றித் தருகிற காயில் சுருள் சூடேறிப் புகை கக்கியது. "மல மேல கரண்ட்டே சரியில்ல" என்றார் அவர். நாங்கள் ஓட்டியது பேட்டரியில்.

நசீர் வாணியம்பாடியிலிருந்து சாதாரண ரகம் வாங்கி வந்தான். தென் துருவம் எதிரே வந்தால் விழிக்கும், போனால் தூங்கும், அவ்வளவுதான். சென்சாரைத் தாங்க முதலாளி பளபளவென்று ஓர் இரும்புப் பட்டை செய்து வைத்திருந்தார். காந்தத்துக்குப் பக்கத்தில் இரும்பை வைத்தால் அது காந்தத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சென்சாருக்குப் பட்டை நாமம் போடும் என்று எவ்வளவோ சொன்னோம். "பாக்க அழகா கீதே" என்பதுதான் அவர் கவலை. அவர் வேலூர் போன நாளில் நசீர் பழைய ஸ்விட்ச் போர்டின் காந்தம் ஒட்டாத ஹைலம் அட்டையை அறுத்து, பொறி அடிக்கும் நேரத்தை முன்னே பின்னே நகர்த்திக்கொள்ள ஒரு பிளவும் விட்டு, அதில் சென்சாரை மாட்டினான். சுழல்வதற்கு அலுமினியத் தட்டு. காம்பஸ் வைத்துக் காந்தத்தின் தென் துருவத்தைக் கண்டுபிடித்து, என் நகப்பூச்சால் பொட்டு வைத்தோம். காந்தம் சென்சாரில் உரசாத இடைவெளிக்கு, யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகையை மடித்துச் செருகிப் பார்த்தோம். சென்சாரைக் குழப்பாமல் இருக்க, பிளக் வயரை எட்டத் தள்ளிக் கட்டினோம். விழாவுக்கு முதல் நாள் தட்டைச் சுண்டிய ஒரே சுண்டில் எஞ்சின் படபடவென்று பிடித்துக்கொண்டது. நசீர் என்னைப் பார்த்த பார்வையில் கடைக்குப் பெயர்ப்பலகையே எழுதி முடித்திருந்தான்.

விழா அன்று பெங்களூர்க் கார்கள் வந்து நின்றன. காந்தம் சென்சாருக்கு எதிரே நின்றால் சும்மா இருக்கும்போதே காயில் சுடும் என்பதால், நசீர் தட்டைத் திருப்பிக் காந்தத்தைக் கீழ்ப்பக்கமாக நிறுத்தியிருந்தான். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. எஞ்சின் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஐயர் தட்டில் கற்பூரம் ஏற்ற ஏற்ற மலைக்காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. முதலாளிக்குப் பொறுக்கவில்லை. காற்றுப் படாத இடம் பார்த்து, ஒரு கட்டிக் கற்பூரத்தை எஞ்சின் பலகையிலேயே, சரியாகத் தட்டுக்குக் கீழே வைத்துக் கொளுத்தினார். ஒரு சாண் தள்ளிப் பெட்ரோல் டேங்கு. அறிவென்பது கடையில் விற்கிற சாமானாக இருந்தால் நானே வாங்கிக் கொடுத்திருப்பேன்.

நசீர் என் முழங்கையைத் தொட்டான். "காந்தம் சூட்டுல செத்துடும்மா. பூஜைல நான் வாயத் தொறந்தா நல்லாருக்காது. நீ சொல்லு."

சொன்னேன். "சார், காந்தத்துக்குச் சூடு ஆவாதுங்க. தள்ளி வெச்சிடலாங்க."

"சாமி நெருப்பு இன்னாம்மா பண்ணும்?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கற்பூரம் எரிந்து அடங்கியதும் நசீர் சுண்டினான். எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி சுண்டினான். தூக்கிப் பிடித்திருந்த கைப்பேசிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. "பசங்க சொதப்பிட்டானுங்க" என்று சிரித்தார் முதலாளி. எல்லோரும் பிரியாணிக்கு நகர்ந்தார்கள். நசீரின் முகம் என்னால் பார்க்க முடியாதபடி இருந்தது.

கார்கள் இறங்கிப்போன பிறகு அவன் காந்தத்தின் மேல் ஒரு குண்டூசியை வைத்தான். ஊசி வழுக்கி விழுந்தது. செத்ததை நோண்டி எடுத்து, சட்டைப் பையிலிருந்த இன்னொன்றை ஒட்டி, பசை இறுகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு சுண்டினான். ஒரே சுண்டு.

சத்தம் கேட்டு முதலாளி பல் குத்திக்கொண்டே வந்தார். "பாத்தியா! பூஜ போட்டது வீண் போவல!"

"சார், ஷெட்டு..." என்றான் நசீர்.

"ஜனம் இருக்கும்போது ஓடலயேப்பா."

நசீர் பெட்ரோல் குழாயை மூடினான். ஆலங்காயம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொன்னான். அடுத்த வாரமே தோல் ஃபேக்டரியில் சேர்ந்துவிட்டான். இந்த மாதிரி மனிதரிடம் இருக்கக் கூடாது என்று நானும் இறங்கிவிட்டேன்.

அவன் எப்போதாவது போன் செய்வான். பிள்ளைகள், சம்பளம், முழங்கால் வலி எல்லாம் பேசி முடித்த பிறகு, போனை வைக்கிற நேரத்தில் கேட்பான்: "அந்தப் பக்கம் போனியாம்மா? நம்ம ஷெட்டு எப்டி கீது?"

ஒரு நாள்கூட எங்களுடையதாக இருந்திராத ஷெட் அது. போன கோடையில் அதை இடித்து நீச்சல் குளம் கட்டிவிட்டார்கள். மலைச்சனம் குடத்தோடு தண்ணீருக்கு அலைகிற மாதத்தில், நீல ஓடு பதித்த குளம். பஸ்ஸிலிருந்து பார்த்தேன்.

"அப்டியேதான் கீது நசீரு" என்கிறேன்.