தோற்றவர் எழுத வேண்டிய பத்தி

சேவியரின் மனைவி ஸ்டெல்லாவின் அழைப்பு வந்தபோது நான் துறை அறையில், தொலைநோக்கி நிலையத்திலிருந்து வந்த ஒரு படத்தைக் கணினியில் இறக்கிக்கொண்டிருந்தேன். "அண்ணே, அவிய போயிட்டாவ" என்றார். மாரடைப்பு. "இந்தா வாரேம்மா" என்று சொல்லி வைத்தேன். ஆனாலும் படம் முழுதாக இறங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்தப் படத்துக்காகத்தான் சேவியரும் நானும் மாதக்கணக்கில் காத்திருந்தோம். அதைத் திறக்காமல் கிளம்பினேன்.

சேவியரை மாணவர்களாகிய நீங்கள் வகுப்பறையில் அறிவீர்கள். நான் பாளையங்கோட்டையில் அவரோடு ஒரே அறையில் வேலை பார்த்தவன். வெடித்த விண்மீன்கள்தான் எங்கள் ஆராய்ச்சி. வெடித்து முடிந்ததில் இன்னும் என்னதான் பார்க்கிறீர்கள் என்று ஸ்டெல்லா ஒருமுறை கேட்டார். சேவியர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "வெடிச்சதை இல்ல ஸ்டெல்லா. சாவுக்கு முந்தி அது தன் மேல கெடந்த வாயுவைக் கழிச்சுப் போட்டிருக்கும். வெடிச்சுச் சிதறினது போய் அதுல மோதுதுல்லா, அந்த வெளிச்சத்தத்தான் பாக்கோம்."

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நான் மேலப்பாளையத்திலிருந்து திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போடுவோம். அவர் சொன்னதை நான் உடைக்க வேண்டும், நான் சொன்னதை அவர். யார் தோற்றாரோ அவர்தான் கட்டுரையில் அந்த முடிவை எழுத வேண்டும். ஒருமுறை, ஒரு விண்மீனின் வெளிச்சம் கூடிவிட்டது என்று நான் குதித்தேன். பக்கத்து விண்மீன் கூட்டத்தின் ஒளியை நான் சரியாகக் கழிக்கவில்லை என்று அவர் காட்டினார். பத்தியை எழுத உட்கார்ந்து, 'பிழை இருந்திருக்கக்கூடும்' என்று ஆரம்பித்தேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார். "தோத்தா தோத்தேன்னு எழுதும் வே. இருக்கக்கூடும்னு எதுக்கு முக்காடு போடுதீரு?"

கடைசிச் சண்டை எங்கள் விண்மீன் ஒன்றைப் பற்றியது. வெடித்தபின் சில வருடங்கள் பிரகாசமாக இருந்து மங்கிவிட்டது. அவ்வளவுதான், சுற்றிலும் இனி வாயு இல்லை என்றேன் நான். இன்னும் தள்ளி, அது முன்னமே கழித்துப் போட்ட வேறொரு வளையம் இருக்கிறது என்றார் அவர். "சிதறினது பைய அங்க போய்ச் சேரட்டும் வே. திரும்ப வெளிச்சம் வரும், நீரே எழுதுவீரு." அதைப் பார்க்கத்தான் புதிய படம் கேட்டிருந்தோம்.

அடக்கம் வள்ளியூர் தாண்டி, கடலோரத்தில் அவருடைய ஊரில் நடந்தது. எல்லாரும் மண் அள்ளிப் போட்டார்கள். நானும் போட்டேன். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே இருந்தேன். மீன்பிடிக்கப் படகில் போகும் அவருடைய தம்பி என் பக்கத்தில் வந்து நின்றார். "மறுபடி வெளிச்சம் வரும்னு அண்ணன் சொல்லிக்கிட்டே கெடந்தானே. வந்துச்சா சார்?"

"இன்னும் பாக்கலப்பா" என்றேன்.

மறுவாரம் பார்த்தேன். பக்கத்து ஒளியையெல்லாம் அவர் காட்டித் தந்தபடியே கழித்தேன். நாங்கள் தேடிய இடத்தில் ஒன்றும் இல்லை. மறுபடியும் செய்தேன். அப்போதும் இல்லை. நான் ஜெயித்திருந்தேன். அப்படி ஒரு ஜெயம் எனக்கு வேண்டாம்.

வழக்கப்படி அந்தப் பத்தியை சேவியர் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, பழக்கத்தில் கதவைச் சாத்திவிட்டு நானே உட்கார்ந்தேன். 'வெளிவளையம் இன்னும் தொலைவில் இருக்கக்கூடும்' என்று முதலில் எழுதினேன். அவருக்காக எழுதினேன். பிறகு அடித்துவிட்டு, 'சேவியர் எதிர்பார்த்த வளையம் அங்கே இல்லை' என்று எழுதினேன்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அப்படி அடித்து எழுதும் கை ஒன்றுதான். வரியை எழுதிய பிறகும் கதவைப் பார்த்தபடி இருந்தேன். வந்து சண்டை போட்டிருக்கலாம் வே.