அண்ணி ஜெயிக்க மாட்டாங்க

எங்கள் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தபோது, அண்ணி நிற்கட்டும் என்று முதலில் சொன்னவன் நான்தான். மனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவனும் நான்தான். இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். என் யோக்கியதை பின்னால் வருகிறது.

எழுபதுகளின் தொடக்கம். அண்ணன் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவன் இடத்தில் அண்ணி சங்க உறுப்பினர் ஆனார். காலனியில் பிறந்தவர், அண்ணன் சாதி பார்க்காமல் கட்டிக்கொண்டு வந்தவர். தறியில் உட்கார்ந்தால் எங்கள் தெருவில் அவருக்கு ஈடு கிடையாது. அப்போதிருந்த தலைவரோ, தன்னைக் கும்பிடாதவர்களுக்குப் பட்டு நூல் தராமல் வாரக்கணக்கில் இழுத்தடிப்பார். புருஷன் இல்லாத வீட்டுத் தறிகள்தான் அதிகம் சும்மா கிடந்தன. அண்ணியின் தறியும் ஒரு மாதமாகக் கிடந்தது.

"நூலு முறையா வரணும், அவ்ளோதாம்பா. வேற ஒரு மண்ணும் வேணாம் எனக்கு" என்றார்.

ஓட்டுக் கேட்கப் போன வீடுகளில் எல்லாம் காபி கொடுத்தார்கள். எனக்குப் பித்தளை டம்ளர், அண்ணிக்கு மட்டும் கண்ணாடி கிளாஸ். கிளம்பும்போது என்னைத் தனியாக ஓரம் கட்டுவார்கள்.

"எங்களுக்கு ஒண்ணும் இல்லப்பா. ஊரு ஒத்துக்கணுமே. அம்மனுக்குப் புடவை எடுத்துக்கினு போறப்ப தலைவருக்குப் பரிவட்டம் கட்டுவாங்க இல்ல? ஒரு பொம்பள தலையில, அதுவும் அவங்க தலையில, யாரு கட்டுவாங்க?"

வருஷா வருஷம் சங்கம் சாத்தும் புடவை அது. தலைவர் தலையில் கோயில் துணியைக் கட்டிக்கொண்டு, அதைத் தட்டில் ஏந்திப் போவார். கடைசி இரண்டு வருஷமும் அந்தப் புடவையை நெய்தது அண்ணி. யார் நெய்தது என்று ஒருத்தனும் கேட்கவில்லை. நெய்யும்போது ஒட்டாத தீட்டு, தூக்கும்போது ஒட்டிக்கொள்ளுமாம்! வெட்கங்கெட்ட ஜனம்.

மூன்றாவதாக ஒரு பெரியவரும் நின்றார். வாயில்லாப் பூச்சி. ஆனால் ஆம்பளை, எங்கள் சாதிக்காரர்.

"அண்ணி ஜெயிக்க மாட்டாங்க. ஓட்ட வீணாக்காத. பெரியவருக்குப் போட்டாத்தான் பழைய ஆளு தோப்பான்" என்று ஆளாளுக்கு ஓதினார்கள். எல்லாரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் கேட்டேன். ஆனால் சீட்டைக் கையில் வாங்கியதும் பெரியவர் பெயருக்கு நேராக முத்திரை குத்திவிட்டு வந்தேன்.

பழைய தலைவரே ஜெயித்தார். அண்ணி இரண்டாவது. பெரியவர் கடைசி. அவருக்கு விழுந்ததில் பாதி அண்ணிக்கு விழுந்திருந்தால் போதும்.

ஒரு வாரம் ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். "நான் உங்களுக்குத்தாம்மா போட்டேன்" என்று ஒவ்வொருத்தரும் சத்தியம் செய்தார்கள். அண்ணி காபி கொடுத்தார். "இப்பத்தாம்மா ஆச்சு" என்று தொடாமல் எழுந்து போனார்கள்.

கடைசி ஆளும் போன பிறகு, ஆறிப்போன காபியை வாசலில் ஊற்றிவிட்டு அண்ணி சொன்னார்:

"வந்தவங்க எல்லாம் எனக்குப் போட்டிருந்தா நான் ஜெயிச்சிருப்பேனே தம்பி. போவுது விடு. நீ ஒருத்தனாவது நெசமா போட்டியே."

"ஆமாம் அண்ணி" என்றேன்.

தீபாவளி முடிந்தும் அவர் தறிக்கு நூல் வரவில்லை.