டிசம்பர் இருபத்தைந்தும் மே முப்பத்தொன்றும்

எங்கள் வீட்டில் ஒரு வருஷம் கிறிஸ்மஸ் நடக்கவில்லை. சபையில் எழுந்து நின்று அதைச் சொல்லலாம் என்றால், பாதியில் அழுதுவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன்.

என் பெயர் ஜெயா. சாலை என்ற கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பகுதியில் நிற்கிறேன். கணவர் செல்வராஜ் டைல்ஸ் பதிக்கிறவர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் திருவனந்தபுரம் வந்து, இங்கேயே தங்கிவிட்டோம்.

போன வருஷத்துக்கு முந்தின டிசம்பரில் எங்கள் மகள் காகித நட்சத்திரம் ஒன்று வாங்கி வந்தாள். இந்த ஊரில் அந்த மாதம் வாசலுக்கு வாசல் நட்சத்திரம் தொங்கும். அவள் ஸ்டூலைப் போட்டு ஏறும்போது இவர் சொன்னார்: "அதைக் கெட்டாண்டாம். டிசம்பர் இருவத்தஞ்சு பைபிள்ல எங்க இருக்கு? அது ரோமாக்காரன் சூரியனுக்குக் கொண்டாடுன நாளு, கேட்டியா."

போனில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. கிறிஸ்மஸ் ஆராதனைக்கு வரவில்லை. ஜனவரியில் ஞாயிற்றுக்கிழமைகளும் நின்றன. பிறகு வீட்டு ஜெபத்துக்கு உட்காருவதும் நின்றது. கேட்டால் தொழில் கணக்கில் பதில் சொல்வார்: "முதல் கல்லு கோணலாப் போட்டா தளம் முழுக்கக் கோணல்தான். பிறந்த நாளே ஆரோ போட்டது. மத்ததை எப்படி நம்புறது?"

எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட ரோஷம் அதிகமாக இருந்தது. வாங்காமல் எழுந்திருக்கும் வாடிக்கையாளருக்கு இருபதாவது சேலையை விரிக்கிறவள் நான். என் புருஷனையா விட்டுவிடுவேன்?

பாஸ்டரிடம் போனேன். அவர் மழுப்பவில்லை. "தேதி வேதத்தில் இல்லை, சிஸ்டர். உள்ளதைத்தான் சொல்ல முடியும்" என்று சபை வரலாற்றுப் புத்தகங்கள் இரண்டு கொடுத்தார். பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தேன். முதல் நூற்றாண்டுகளில் விசுவாசிகள் உயிர்த்தெழுதலைத்தான் பெரிதாக ஆசரித்தார்கள். டிசம்பர் இருபத்தைந்து நான்காம் நூற்றாண்டில்தான் ரோமாபுரியின் பதிவில் தெரிகிறது. கிழக்கே சில சபைகள் ஜனவரி ஆறாம் தேதியை வைத்துக்கொண்டன. சூரியனின் பண்டிகைக்குப் பதிலாக வைத்தார்கள் என்கிறார்கள் சிலர். மார்ச் இருபத்தைந்தில் மரியாள் கர்ப்பந்தரித்ததாகக் கொண்டு ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்கிறார்கள் வேறு சிலர். யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

ஒன்றையும் மறைக்காமல் கணவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நீயே சம்மதிச்சாச்சு, ஆரோ போட்ட தேதின்னு" என்றார். அவ்வளவுதான். என் படிப்பெல்லாம் அவர் பக்கம் சாட்சி சொல்லிவிட்டது.

ஏப்ரல் கடைசியில் வேலை செய்யும் இடத்தில் அவருக்கு நெஞ்சு வலித்தது. இருதயத்தில் மூன்று அடைப்பு. பைபாஸ் செய்ய வேண்டும் என்று மே கடைசிக்குத் தேதி கொடுத்தார்கள். சபையார் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "எனக்காக ஆரும் ஜெபிக்காண்டாம்" என்றார். அன்றைக்குத்தான் நான் உடைந்தேன். ஆபரேஷனைவிட அந்த வார்த்தைதான் என்னைக் கொன்றது. ஆண்டவரின் பெயர் சொல்லாமல் இவர் அந்த மேஜையில் படுக்கப்போகிறாரே என்று இருந்தது.

மே மாதம் முழுவதும், மதியச் சாப்பாட்டு நேரத்தில், கடை மாடியில் சேலைக் கட்டுகளுக்கு நடுவே முழங்கால் போட்டேன். வேண்டுதல் ஒன்றேதான். "என் வாயால் முடியவில்லை ஆண்டவரே. வேறு ஒரு வாயை அனுப்பும். ஆபரேஷனுக்கு முன்னால் அனுப்பும்." ஒரு நாளும் விடவில்லை.

மே முப்பத்தொன்று காலை ஆபரேஷன். தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன்னால் நெற்றியில் சந்தனக்குறியோடு ஒரு நர்ஸ் வந்தாள். இவர் கையில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்துப் பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்த்தாள். சட்டென்று சிரித்தபடி மலையாளத்தில் கேட்டாள்:

"இன்னு சேட்டன்றெ பிறந்நாள் அல்லே? ஹாப்பி பர்த்டே."

இவர் சலிப்போடு சொன்னார்: "அது ஹெட்மாஸ்டர் போட்ட தேதி, சிஸ்டர். ஜூன்ல ஸ்கூல்ல சேர்க்கும்போ அஞ்சு வயசு நெறஞ்சிருக்கணும்னு அவரே எழுதுனது. குளம் உடைஞ்ச வருஷம் பொறந்தேன்னு அம்மா சொல்லுவா. தேதி ஆருக்கும் தெரியாது."

எங்கள் ஊரில் அந்த வயதுக்காரர்களில் பாதிப் பேர் மே முப்பத்தொன்றில்தான் பிறந்திருக்கிறார்கள். எல்லாம் ஹெட்மாஸ்டர் புண்ணியம்.

அவள் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டே, "அதினெந்தா? சேட்டன் ஜனிச்சல்லோ" என்றாள். அதனால் என்ன, நீங்கள் பிறந்துவிட்டீர்களே என்று. சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

இவர் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். தள்ளுவண்டி வந்தது. அதில் ஏற்றிய பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஜெயா, ஜெபம் பண்ணு. எனக்குக் கேக்கும்படி பண்ணு."

தியேட்டர் வாசலில், எல்லாரும் பார்க்க, சத்தமாக ஜெபித்தேன். ஆமென் என்று முதலில் சொன்னது அவர்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மருத்துவர்களுக்கு நன்றி, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் என் ஜெபத்துக்குப் பதில் அந்த வாசலிலேயே வந்துவிட்டது. வார்டுக்கு வந்த பிறகு அவரே சொன்னார்: "ஆதார்ல, லைசென்ஸ்ல எல்லாத்துலயும் அந்த ஹெட்மாஸ்டர் தேதிதான் இருக்கு. அதைப் பார்த்துட்டு, நீ பொறக்கவே இல்லன்னு இதுவரை ஒருத்தனும் சொல்லல. நான்தான் ஆண்டவரைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்கேன்."

உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படிக் கேள்வியோடு விலகியிருக்கலாம். கேள்வி கேட்டதற்காக அவரை வெறுக்காதீர்கள். தெரிந்ததை நேர்மையாகச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் முழங்காலில் நிற்பதை மட்டும் விடாதீர்கள். யார் வாயால் பதில் வர வேண்டும் என்பதை ஆண்டவரிடமே விட்டுவிடுங்கள். எனக்கு அது சந்தனக்குறி வைத்த ஒரு பிள்ளையின் வாயால் வந்தது.

போன டிசம்பரில் அவரே ஸ்டூலில் ஏறி நட்சத்திரத்தைக் கட்டினார். இறங்கி நின்று பார்த்து, "கொஞ்சம் கோணலா இருக்கு" என்றார். சரிசெய்யப் போவார் என்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "கிடக்கட்டும். லைட்டைப் போடு" என்றார்.